கவுண்டி ஃபேர் ராணி: கிரீடம் வைத்த மறுநாளிலிருந்து என்ன வேலை?

அமெரிக்காவில் இல்லினாய், அயோவா, இண்டியானா, விஸ்கான்சின் பக்கம் கோடை வந்தாலே கவுண்டிக்குக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஃபேர் என்ற விவசாயத் திருவிழா நடக்கும். மாடு, ஆடு, பன்றி, கோழி எல்லாம் கொண்டுவந்து காட்டுவார்கள், ஜாம், பை என்கிற பழ பேஸ்ட்ரி, தையல் வேலை, காய்கறி எல்லாவற்றுக்கும் போட்டி இருக்கும், சாயங்காலமானால் ராட்டினங்கள், டிராக்டர் இழுக்கும் போட்டி, கார்களை மோதவிடும் டெர்பி. அந்த ஃபேருக்கென்று ஒரு ராணியையும் தேர்ந்தெடுப்பார்கள். ப்ளூமிங்டன், பியோரியா மாதிரி ஊர்களுக்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட நம் குடும்பங்களில் ஹைஸ்கூல் படிக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். "நான் இதில் சேரட்டுமா?" என்று மகள் கேட்டால் பெற்றோருக்கு முதலில் நினைவு வருவது அழகிப் போட்டிதான். மேடையும் கவுனும் இருப்பது உண்மை, ஆனால் அது ஒரே ஒரு மாலை. அதற்குப் பிறகு ஒரு வருடம் முழுக்க ஓடியாடிச் செய்யவேண்டிய வேலை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். சேர நினைக்கும் பெண்ணுக்கும், கூடவே அலையப்போகும் அம்மா அப்பாவுக்கும் சேர்த்து.

ஃபேர் யாருக்காக நடக்கிறது

1807-இல் எல்கானா வாட்சன் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டில் இரண்டு மெரினோ செம்மறிகளைப் பொது இடத்தில் கட்டிவைத்து ஊராருக்குக் காட்டினார். நல்ல கம்பளி தரும் ஜாதியைப் பார்த்தால் மற்றவர்களும் வளர்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதுவே வளர்ந்து 1810-இல் அங்கே கால்நடைக் காட்சியாகி, அப்புறம் நாடெங்கும் பரவியது. 1841-இல் நியூயார்க்கின் சிரக்யூஸில் முதல் மாநில ஃபேர் நடந்தது. 1902-இல் ஒஹாயோவின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரஹாம் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த விவசாயச் சங்கத்திலிருந்துதான் இன்றைய ஃபோர்-எச் (4-H) என்ற இளையோர் அமைப்பு வந்தது, 1928-இல் கான்சஸ் சிட்டியில் விவசாயம் படிக்கும் பள்ளி மாணவர்களுக்கான எஃப்எஃப்ஏ (FFA) தொடங்கியது. ஃபேரில் இன்று மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவர்கள்.

ராணி என்ற ஏற்பாடு இதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தது. வளர்த்தவர்கள், விளைவித்தவர்கள், சமைத்தவர்கள் முதலில், ராணி அவர்களுக்குத் துணை. கிரீடத்தைப் பார்த்துத் திரும்பும் கண்களை அந்தப் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிடுவதுதான் அவள் வேலை, ஒரு வருடம் முழுக்க இதைச் செய்யத் தெரிந்தவள்தான் நல்ல ராணி என்பது என் திடமான எண்ணம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால்

விதிமுறைத் தாளையும் ஒப்பந்தத்தையும் பெற்றோரோடு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படியுங்கள். வயது பெரும்பாலும் 16 முதல் 21 வரை, ஆனால் விஸ்கான்சினில் 'ஃபேரஸ்ட் ஆஃப் தி ஃபேர்ஸ்' என்ற பெயரில் நடப்பதற்கு 18 ஆகியிருக்க வேண்டும். திருமணம் ஆகாதவராக இருக்கவேண்டும், அந்தக் கவுண்டியில் வசிக்கவேண்டும் என்றெல்லாம் பல இடங்களில் நிபந்தனை உண்டு. சில ஃபேர்களில் இப்போது பையன்களும் சேரலாம், 'ஃபேர் தூதர்' என்று பெயரை மாற்றிக்கொண்ட இடங்களும் இருக்கின்றன.

ஒப்பந்தத்தில் நீங்கள் தேடவேண்டிய விஷயங்கள்: ஃபேர் நடக்கும் எல்லா நாளும் வந்தே ஆகவேண்டுமா, அக்கம்பக்கத்துக் கவுண்டி ஃபேர்களுக்கு எத்தனை முறை போகவேண்டும், மாநிலப் போட்டிக்குப் போவது கட்டாயமா, சமூக வலைத்தளத்தில் என்ன போடலாம் கூடாது, பாதியில் விலகினால் கிரீடம் யாருக்குப் போகும். அப்புறம் பணம். கவுன், இன்டர்வியூவுக்கு உடுப்பு, மாநிலப் போட்டிக்கான கட்டணம், ஹோட்டல், பெட்ரோல் என்று செலவு வரிசையாக வரும். இதில் எதை ஃபேர் குழு தருகிறது, எதற்கு ஸ்பான்சர் பிடிக்கவேண்டும், எது உங்கள் கையிலிருந்து போகும் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் காலக்கணக்கு மாறும், இது முக்கியம். இல்லினாயில் கோடையில் கிரீடம் வாங்கியவர்கள் அடுத்த ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போவார்கள், அதில் வென்றவர் ஆகஸ்டில் மாநில ஃபேரில் விருந்தாளிகளை வரவேற்பார். பென்சில்வேனியாவிலும் ஜனவரிதான், இடம் ஹெர்ஷி, அங்கே 'என் ஃபேர் என் ஊருக்கு என்ன' என்கிற மாதிரி ஒரு கட்டுரையும் 'என் ஃபேருக்கு ஏன் வரவேண்டும்' என்று ஒரு பேச்சும் தயார்செய்ய வேண்டியிருக்கும். அயோவாவிலோ மாநில ஃபேரே ஆகஸ்டில்தான், அங்கேயே மாநில ராணியையும் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஜூலையில் உங்கள் கவுண்டியில் ஜெயித்தால் அடுத்த சில வாரங்களில் மாநில ஃபேர் நடக்கும் டெ மாய்னில் நிற்கவேண்டும். பள்ளி, கல்லூரி, பகுதிநேர வேலை எல்லாவற்றையும் காலண்டரில் குறித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கொட்டகைக்குள் போய்ப் பழகுங்கள்

இன்டர்வியூவுக்கு ஆடை பார்ப்பதற்கு முன்னால் ஃபேரின் பிரீமியம் புத்தகத்தை எடுங்கள். எந்தெந்தப் பிரிவில் போட்டி, என்ன விதி, பரிசு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும், ஃபேர் வலைத்தளத்திலேயே கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு முந்தின வருட ஃபேரில் ஒரு நாள் முழுக்க கால்நடைக் கொட்டகைகளில் சுற்றிப் பாருங்கள்.

சில சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும். ஹெய்ஃபர் என்றால் கன்று போடாத கிடாரி, ஸ்டியர் என்றால் காயடித்த காளை. பன்றியில் காயடித்த ஆண் பாரோ, குட்டி போடாத பெண் கில்ட். செம்மறியிலும் வெள்ளாட்டிலும் காயடித்த ஆண் வெதர். ஒரு பத்து வயதுப் பையன் பெருமையோடு தன் பாரோவைக் காட்டும்போது "இவள் எவ்வளவு அழகு" என்று சொன்னால் அவன் முகம் சுருங்கிவிடும்.

போட்டியிலும் வகை இருக்கிறது. சிலவற்றில் விலங்கின் உடற்கட்டைப் பார்ப்பார்கள், ஷோமன்ஷிப் என்பதில் பிள்ளை அந்த விலங்கை எப்படி நடத்துகிறான், நடுவரை எப்படிக் கவனிக்கிறான் என்று பார்ப்பார்கள். சாதாரண மாட்டை வைத்துக்கொண்டும் ஷோமன்ஷிப்பில் ஜெயிக்கலாம், அதனால் அதற்குப் பரிசாகத் தரும் ரிப்பனுக்குப் பிள்ளைகளிடம் தனி மரியாதை. ரிப்பன் முறையும் ஒன்று போல இருக்காது. முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசை வைப்பது ஒரு முறை. டேனிஷ் முறையில் ஒவ்வொரு படைப்பையும் ஒரு தரத்தோடு ஒப்பிட்டு நீலம், சிவப்பு, வெள்ளை கொடுப்பார்கள், பத்துப் பேருக்கு நீலம் கிடைக்கவும் கிடைக்கும். சாம்பியனுக்கு வழக்கமாக ஊதா. உங்கள் ஃபேரில் எது என்று தெரியாமல் "முதல் பரிசு வாழ்த்துகள்" என்று எல்லோரிடமும் சொல்லிவைக்காதீர்கள்.

விவசாயக் குடும்பத்தில் பிறக்கவில்லையே என்று தயங்கவேண்டாம். ஃபோர்-எச்சில் எட்டு வயதிலிருந்து சேரலாம், இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. மாடு வளர்த்தால்தான் என்றில்லை, புகைப்படம், சமையல், ரோபோ, தோட்டம் என்று எத்தனையோ இருக்கின்றன. கவுண்டியில் ஃபோர்-எச்சை நடத்தும் பல்கலைக்கழக எக்ஸ்டென்ஷன் (விரிவாக்க) அலுவலகத்தில் கேட்டால் சேர்த்துவிடுவார்கள். முன்கூட்டியே சேர்ந்தால் நல்லது. ராணிப் போட்டிக்காகக் கடைசி மாதத்தில் ஓடிப்போய்ச் சேருபவரை நடுவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்டர்வியூ

பெரும்பாலான இடங்களில் மேடையைவிட இதற்குத்தான் முக்கியத்துவம், மூடிய அறையில் சில நிமிடங்கள். ஃபேரில் உனக்குப் பிடித்த இடம் எது, ஊரைவிட்டுப் போகும் இளைஞர்களைப் பற்றி என்ன நினைக்கிறாய், குழந்தை ஒன்று அழுதுகொண்டு வந்தால் என்ன செய்வாய் என்ற மாதிரி கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதில் உடனே தெரிந்துவிடும். நீங்கள் பார்த்ததை, செய்ததைச் சொல்லுங்கள். பால் விலை பற்றிக் கேட்டுத் தெரியவில்லையென்றால், "எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் பக்கத்துப் பால்பண்ணைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்" என்பது நல்ல பதில்.

பெயரைப் பற்றி ஒன்று. நம் பெயர்கள் அறிவிப்பாளர்களுக்கு நாக்கில் சிக்கும். வெட்கப்படாமல், எப்படி உச்சரிக்கவேண்டும் என்று ஆங்கில எழுத்தில் அசை பிரித்து ஒரு அட்டையில் எழுதி, ஒத்திகையின்போதே அவர் கையில் கொடுத்து ஒருமுறை சொல்லவைத்துவிடுங்கள். பெயரைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

ஃபேர் வாரம்

இதுதான் இந்த வேலையின் உயிர், மற்றதெல்லாம் இதைச் சுற்றி. காலை எட்டு மணிக்குப் பன்றிக் கொட்டகை, பத்துக்குக் குழந்தைகளின் மிதிடிராக்டர் போட்டி, மதியம் பை ஏலம், சாயங்காலம் கிராண்ட்ஸ்டாண்ட் (பார்வையாளர் அரங்கு) நிகழ்ச்சி, இரவு பத்துக்கு மேல் வீடு என்று நாட்கள் போகும்.

உடையில் ஆரம்பிப்போம். கிரீடத்தை ஹேர்பின் குத்தி இறுக்கமாகப் பொருத்துங்கள், காற்று பலமாக அடிக்கும். எங்கே போனாலும் அதைக் கெட்டியான பெட்டியில் வைத்து எடுத்துப்போங்கள், காருக்குள் வெயிலில் விட்டால் கல் ஒட்டியிருக்கும் பசை இளகும். தோளுக்குக் குறுக்கே அணியும் பட்டமெழுதிய துணிப்பட்டையான சாஷை உள்பக்கம் ஊக்கு குத்தி நிறுத்துங்கள். கொட்டகைக்கு பூட்ஸ், மேடைக்கு மட்டும் ஹீல்ஸ், காரில் மாற்று உடை இரண்டு. ஜூலை வெயில் சாதாரணமானது இல்லை, தண்ணீர் பாட்டில் கையைவிட்டு அகலக் கூடாது, நேரத்துக்குச் சாப்பிடவும் வேண்டும்.

ஆனால் விலங்குக் கொட்டகைக்குள் சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள். 2012-இல் ஃபேர்களில் பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கு ஒருவகை இன்ஃப்ளூயன்சா பரவி 300 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள், இண்டியானாவிலும் ஒஹாயோவிலும் அதிகம். அப்போதிலிருந்து கொட்டகை வாசலிலேயே கை கழுவும் இடம் வைப்பது பரவலாகிவிட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 தாண்டியவர்கள், ஆஸ்துமா போன்ற நோய் உள்ளவர்கள் பன்றிகளிடமிருந்து தள்ளியிருப்பது நல்லது என்று சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். ராணி கை கழுவுவதைப் பார்த்தால் பின்னால் வரும் வாண்டுகளும் கழுவும், ஆகவே எல்லோரும் பார்க்கும்படி கழுவுங்கள்.

விலங்குகளை நடுவருக்குக் காட்டும் வேலியிட்ட களமான ரிங்குக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதை யாராவது பழக்கியே ஆகவேண்டும், கால்நடைப் பிரிவின் பொறுப்பாளரிடம் முதல் நாளே போய்க் கேளுங்கள். கூப்பிடும்வரை வேலிக்கு வெளியே நில்லுங்கள். நடுவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் குறுக்கே போகக் கூடாது. மாட்டுக்கோ குதிரைக்கோ பின்பக்கமாக எப்போதும் நடக்கக் கூடாது, உங்களைப் பார்க்கும்படி தோள்பக்கமாகப் போகவேண்டும். காற்றில் படபடக்கும் சாஷும் வெயிலில் மின்னும் கிரீடமும் கன்றுக்குட்டியை மிரளவைக்கும், அதனால் சாஷின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். ரிப்பன் கொடுக்கும்போது பிள்ளையின் ஒரு கையில் கயிறு இருக்கும் என்பதால் அவசரப்படுத்தாமல் நில்லுங்கள், கண்ணைப் பார்த்துப் பெயரைச் சொல்லி வாழ்த்துங்கள். கடைசி இடம் வந்த பிள்ளைக்கும் அதே வாழ்த்து, அதே நேரம். அவன் அந்த விலங்குக்குத் தீவனம் வைக்க மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்திருக்கிறான்.

புகைப்படத்துக்கு விலங்கின் நான்கு காலையும் சரியாக நிற்கவைக்க நேரம் பிடிக்கும். அதுவரை சிரித்தமுகமாக அசையாமல் நிற்கவேண்டியதுதான். படத்தின் நடுவில் விலங்கும் பிள்ளையும், நீங்கள் ஓரத்தில். பல வருடம் அந்த வீட்டுச் சுவரில் தொங்கப்போகும் படம் அது.

ஏலத்தன்று

ஃபேரின் மிகக் கனமான நாள் இது. சந்தைக்கென்று வளர்த்த மாடு, பன்றி, ஆடுகளை ஏலம் விடுவார்கள். ஊர் வங்கி, விதைக் கடை, தீவனக் கடை, தானியக் கிடங்கு என்று உள்ளூர்க்காரர்கள் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவார்கள், அந்தப் பணம் பிள்ளையின் கல்லூரிக்கோ அடுத்த வருடக் கன்றுக்கோ போகும். ஏலம் முடிந்ததும் பெரும்பாலான விலங்குகள் வெட்டுக்குப் போகின்றன. குட்டியாக வந்த நாளிலிருந்து பேர் வைத்துக் குளிப்பாட்டி நடக்கவைத்த பிள்ளைக்கு அது தெரியும். தெரிந்தும் ரிங்கைவிட்டு வெளியே வந்ததும் பன்றியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும்.

அந்த நேரத்தில் "அழாதே, அடுத்த வருடம் வேறு வாங்கலாம்" என்று சொல்லாதீர்கள். செல்போனை எடுக்காதீர்கள். பக்கத்தில் போய் நின்று, "நீ இவனை ரொம்ப நன்றாக வளர்த்தாய்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவு போதும், பேச விருப்பம் இருந்தால் அந்தப் பிள்ளையே பேசும். வாங்கியவரோடு எடுக்கவேண்டிய படத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கமுடியுமா என்று பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வாங்கியவர்களின் பெயரையும் கடைப் பெயரையும் குறித்துக்கொண்டு அன்றைக்கே நேரில் நன்றி சொல்லுங்கள்.

சைவக் குடும்பத்துப் பெண் இதைச் செய்யலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் வரும். செய்யலாம். நீங்கள் இறைச்சி சாப்பிடவேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது. ஆனால் பன்றி வளர்ப்போர் சங்கத்தின் கூடாரத்தில் போர்க் சாப் பரிமாறச் சொல்வார்கள், மாட்டு ஏலத்தில் நிற்கச் சொல்வார்கள். உங்களால் எது முடியும், எது முடியாது என்று விண்ணப்பத்துக்கு முன்னாலேயே வீட்டில் பேசி முடிவுசெய்து, ஃபேர் குழுவிடமும் சொல்லிவிடுங்கள். அந்தத் தொழிலில் வாழும் மனிதர்களை மனதார மதிக்க முடியும் என்றால் சேருங்கள், முடியாது என்று தோன்றினால் தோட்டக்கலை, கைவேலைப் பிரிவுகளில் தன்னார்வலராக இருப்பதும் ஃபேருக்குச் செய்யும் நல்ல உதவிதான்.

கிராண்ட்ஸ்டாண்டும் மற்ற இடங்களும்

டிராக்டர் போட்டியிலும் டெர்பியிலும் ஓட்டுகளத்துக்குள் காலெடுத்து வைப்பது கொடி பிடிப்பவர் சைகை காட்டிய பிறகுதான். கோப்பையை வென்றவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். மைக் கொடுத்தால் வரவேற்பு, உங்கள் பெயர், நாளைய நிகழ்ச்சி ஒன்று, நன்றி, போதும்.

கைவேலைக் கட்டடத்தை மறக்காதீர்கள். கூட்டம் குறைவாக இருக்கும், ஃபேனுக்கடியில் பாட்டிகள் தாங்கள் தைத்த க்வில்ட்டுகளின் (ஒட்டுத்துணிப் போர்வைகளின்) பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தினமும் ஒரு அரைமணி அங்கே உட்கார்ந்து பேசுங்கள். ஃபேரின் பழைய கதைகள் அவர்களிடம்தான் இருக்கின்றன, பின்னால் எந்தப் பேச்சுக்கும் அதிலிருந்து விஷயம் கிடைக்கும்.

சின்னப் பெண்கள் கிரீடத்தைத் தொட்டுப்பார்க்கவேண்டும், வைத்துப்பார்க்கவேண்டும் என்று கேட்பார்கள். வேறு தலையில் வைக்கக் கூடாது என்பது பல இடங்களில் விதி. முட்டிபோட்டு அவர்கள் உயரத்துக்கு இறங்கித் தொட்டுப் பார்க்கவிடுங்கள், கையெழுத்துப் போட்ட படம் ஒன்றைக் கொடுங்கள், கூடவே "நீ என்ன காட்டவந்தாய்?" என்று கேளுங்கள்.

மீதி வருடம்

ஃபேர் முடிந்த வாரமே நன்றிக் கடிதங்களைக் கையால் எழுதி முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் பள்ளி திறந்துவிடும், அப்புறம் நடக்காது. பிறகு பக்கத்துக் கவுண்டி ஃபேர்கள், ஊர்வலங்கள், தொடக்கப் பள்ளிகளில் விவசாயம் பற்றிப் பேச்சு, நூலகத்தில் கதை வாசிப்பு என்று அழைப்புகள் வரும். ஊர்வலத்தில் திறந்த காரின் பின்பக்கத்தில் உட்காரும்போது வண்டி திடீரென்று நிற்கும் என்பதால் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், மிட்டாயைச் சக்கரத்தின் பக்கம் வீசாதீர்கள், பிள்ளைகள் ஓடிவந்து பொறுக்குவார்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். எந்த நிகழ்ச்சிக்கும் பெற்றோரோ போட்டி நடத்தும் குழுவைச் சேர்ந்தவரோ கூட வரவேண்டும். போகுமிடத்தை முன்கூட்டிச் சொந்தக் கணக்கில் போடாதீர்கள், நிகழ்ச்சி முடிந்த பிறகு படம் போட்டால் போதும், அதுவும் ஃபேரின் பக்கத்தில். தோளில் கைபோட்டுப் படமெடுக்கச் சங்கடமாக இருந்தால் கையைக் குலுக்கிக்கொண்டே பக்கவாட்டில் நின்றுவிடலாம். சங்கடப்படுத்துகிறவரிடமிருந்து விலகி வருவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, கிரீடம் அதைப் பறிப்பதில்லை.

ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள்: எங்கே போனீர்கள், யார் கூப்பிட்டார்கள், எதற்கு எவ்வளவு செலவு, எந்தக் கொட்டகைப் பொறுப்பாளர் எதை எதிர்பார்க்கிறார், எந்தக் கடைக்காரர் தவறாமல் ஏலத்தில் வாங்குகிறார். மாநிலப் போட்டி இன்டர்வியூவுக்கு முந்தின இரவில் இதைத்தான் புரட்டுவீர்கள்.

அடுத்த கோடையில் புதிதாகப் போட்டியிடும் பெண்களுக்கு ஒத்திகையில் உதவுவதும் உங்கள் பொறுப்பு. எல்லோரிடமும் ஒரே மாதிரி இருங்கள், யார் ஜெயிப்பார்கள் என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். மேடையில் விடைபெறும் பேச்சை இரண்டு நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதி பொறுப்பாளர்களின் பெயர்களாக இருக்கட்டும். புதிய ராணிக்குக் கிரீடம் வைத்து ஊக்கு குத்திவிட்ட பிறகு அந்த நோட்டையும், ஃபேர் பக்கத்தின் பாஸ்வேர்டையும், மறுநாள் காலை எட்டு மணிக்கு எந்தக் கொட்டகை வாசலில் நிற்கவேண்டும் என்ற தகவலையும் அன்றிரவே கொடுத்துவிடுங்கள்.